பத்தாம் நாள் விருந்தாளி

ஓசூரில் கபாப் என்றால் எண்ணெய்ச் சட்டிதான். கோழித் துண்டுகளில் முட்டையும் சோளமாவும் காரப்பொடியும் பிசைந்து, கண்ணைப் பறிக்கிற சிவப்பு நிறத்தில் பொரித்தெடுப்பார்கள். பெங்களூர் முழுக்க இதற்குப் பெயர் கபாப். அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அதே பெயர்தான். தமிழ்நாட்டுக்குள் இன்னும் தள்ளிப் போனால் கிட்டத்தட்ட இதே பண்டத்துக்குச் சிக்கன் பக்கோடா என்றோ சிக்கன் 65 என்றோ பெயர் மாறிவிடும். கம்பியில் குத்தி, கரி நெருப்பில் வாட்டுகிற கறிக்குத்தான் உலகத்தின் பெரும்பகுதி கபாப் என்று பெயர் வைத்திருக்கிறது என்பது நம்ம ஊரில் பலருக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் தெரிய வந்தது.

அதைத் தெரிய வைத்தவர்கள் சிப்காட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் சின்னச் சின்னதாகக் கடை போட்டவர்கள். உத்தரப் பிரதேசம், பீகார், வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். கம்பெனி ஷிப்டுக்கும் கட்டட வேலைக்கும் வந்த தங்கள் ஊர்ப் பையன்களை நம்பித்தான் கடையைத் தொடங்கினார்கள். நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கரி அடுப்பு, கொத்துக்கறியைப் பிடித்து வைத்த தட்டைக் கம்பிகள், வெங்காயம், எலுமிச்சை, பச்சைச் சட்னி. கொஞ்ச நாளில் உள்ளூர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். இப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு அப்படி ஒரு கடை முன்னால் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி ஐந்தும் ஒரே நேரத்தில் காதில் விழும்.

அங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நாம் கடைக்காரரை "பையா" என்று கூப்பிடுகிறோம். அவர் நம்மை "அண்ணா" என்கிறார். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். அவர் நம் மொழியில் நம்மை அண்ணன் ஆக்குகிறார், நாம் அவர் மொழியில் அவரை அண்ணன் ஆக்குகிறோம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "அண்ணா" என்பதை எந்தக் கடையில் வேண்டுமானாலும் யாரைப் பார்த்து வேண்டுமானாலும் சொல்லலாம். "பையா" அப்படி இல்லை. வடக்கிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால்தான் வாயில் வருகிறது. உறவுப் பெயர் மாதிரி இருந்துகொண்டே அது முகவரியும் ஆகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கடையில் எழும் ஒரு கேள்வியைப் பற்றியது. அங்கே யார் விருந்தாளி? யார் வீட்டுக்காரர்?

'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் புதிதாகச் செய்யப்படும் ஒருவகை நூலுக்கே விருந்து என்று பெயர் தருகிறது. அதனால் விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தால் அவர் உறவினர். முன்பின் தெரியாதவர் வந்தால்தான் விருந்து. வள்ளுவர் ஒரு முழு அதிகாரத்தை இதற்காக ஒதுக்கியிருப்பதற்குக் காரணம், தெரியாதவருக்குச் சோறு போடுவது சும்மா வந்துவிடாது, பழக வேண்டிய அறம் என்பதுதான்.

கம்பியில் சுட்ட கறியும் நமக்குப் புதிதில்லை. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் கரிகாலன் ஒரு கூத்துக் கலைஞனுக்கு விருந்து வைக்கிறான். அதில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி வருகிறது. சூடு தாங்காமல் வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளித் தள்ளித் தின்கிறான் பொருநன். இராப்பகலாகத் தின்று தின்று, புன்செய் நிலத்தை உழுத கலப்பைக் கொழு மாதிரி அவன் பல்லே மழுங்கிவிடுகிறது. கடைசியில் "ஊருக்குப் போகணும்" என்கிறான். அரசனுக்கு அனுப்ப மனசே இல்லை.

இதே நிலப்பகுதிக்கு இன்னும் நெருக்கமான ஒரு பாட்டு இருக்கிறது. கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் தர்மபுரிதான் அதியமானின் தகடூர். புறநானூற்றின் 101ஆம் பாட்டில் ஔவையார் அதியமானைப் புகழ்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல நாள் பல பேரோடு திரும்பத் திரும்பப் போனாலும் முதல் நாள் காட்டிய அதே பிரியத்தைக் காட்டுகிறவன் அவன் என்கிறார். விருந்தோம்பலுக்கு இதைவிடக் கறாரான அளவுகோல் கிடையாது. முதல் நாள் யாரும் நல்லவர்தான். பத்தாம் நாள்தான் பரீட்சை.

இந்தப் பாட்டுகளில் எல்லாம் ஓர் ஒழுங்கு உண்டு. நிலம் உள்ளவன் சோறு போடுகிறான், இல்லாதவன் சாப்பிடுகிறான். ஓசூர்க் கடையில் இது தலைகீழ். ஊருக்குப் புதிதாக வந்தவர் அடுப்பு முன்னால் வேர்த்து நின்று பரிமாறுகிறார். ஊர்க்காரர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். விருந்தாளி வீட்டுக்காரருக்கு விருந்து வைக்கிறார். பதிலுக்கு வீட்டுக்காரர் ஜிபே பண்ணிவிட்டுப் போகிறார்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான குறுக்கீடு வரும். "இது விருந்தே இல்லைங்க, வியாபாரம். காசு கொடுத்தோம், கணக்கு முடிஞ்சது. இதுல அறம் எங்க வருது?" ஆடம் ஸ்மித் 1776இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். கசாப்புக் கடைக்காரரின் கருணையால் நமக்குச் சாப்பாடு கிடைப்பதில்லை, அவர் தன் லாபத்தைப் பார்ப்பதால்தான் கிடைக்கிறது.

இந்தக் குறுக்கீட்டை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். காசு கொடுத்துச் சாப்பிடுவதை மட்டமாகப் பேசுகிறவர்கள் நம்ம ஊரின் பந்தி வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். யார் சமைத்ததை யார் சாப்பிடலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதெல்லாம் சாதி எழுதிய சட்டம். பழைய விருந்தோம்பலின் பெருந்தன்மை பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது. ஹோட்டல் வந்தபிறகுதான் காசு உள்ள எவரும் எந்த மேசையிலும் உட்காரலாம் என்ற நிலைமை மெல்ல வந்தது. அதுவும் தானாக வரவில்லை. 1957இல் சென்னையில் 'பிராமணாள்' என்று ஹோட்டல் பலகையில் எழுதியிருந்ததற்கு எதிராகப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. டீக்கடையில் இரட்டை டம்ளர் ஒழிய அதற்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது. ஆகவே "காசு கொடு, சாப்பிடு, போ" என்ற உறவுக்குள் ஒரு விடுதலை இருக்கிறது. அந்தக் கபாப் கடைக்காரர் என் குலம் கோத்திரம் கேட்பதில்லை. நானும் அவரிடம் கேட்பதில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் காசு கணக்கை முடிக்கிறது என்பதாலேயே அதனோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்று ஆகாது. இதைப் புரிந்துகொள்ள, கபாபைத் தன்னோடு கண்டம் கண்டமாகத் தூக்கிச் சென்ற இன்னொரு மக்களைப் பார்க்கலாம். ஆர்மீனியர்கள்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் க்ளெண்டேல் என்றொரு நகரம். ஆர்மீனியர்கள் மிக அதிகமாக வாழும் ஊர்களில் ஒன்று. அங்கே தெருவோரக் கபாப் கடைகள் பிரசித்தம். நம்ம சீக் கபாபின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, கொத்துக்கறியைக் கம்பியில் பிடித்துச் சுடும் லூலே கபாப், வாட்டிய தக்காளி, லவாஷ் என்கிற மெல்லிய ரொட்டி. அதைச் சாப்பிடுகிறவருக்குக் கடைக்காரர் குடும்பம் எப்படி அங்கே வந்தது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. 1915இல் ஒட்டோமன் பேரரசில் தொடங்கிய இனப்படுகொலையில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் பெய்ரூட், அலெப்போ, தெஹ்ரான் என்று சிதறினார்கள். 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர், 1979இல் ஈரானில் புரட்சி, பிறகு சோவியத் யூனியனின் உடைவு. ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் மறுபடி மூட்டை கட்டியது. அந்தத் தட்டில் இருக்கிற கபாப் அத்தனை ஊரையும் கடந்துதான் வந்திருக்கிறது. சாப்பிடுகிறவர் பில்லைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் கெட்டவரா? இல்லை. பாரிஸின் லா ஷப்பெல் பகுதியிலும் டொரொண்டோவின் ஸ்கார்பரோவிலும் கொத்து ரொட்டி சாப்பிடும் வெள்ளைக்காரருக்கு 1983 ஜூலை பற்றித் தெரியாவிட்டால் அவர் குற்றவாளி ஆகிவிடுவாரா? ஆக மாட்டார். ஆனாலும் ஈழத் தமிழர் ஒருவருக்கு அதைப் பார்க்கும்போது மனசில் ஏதோ ஒன்று உறுத்தும். 'என் சாப்பாடு இவருக்கு வேணும். நான் இவருக்கு யாரு?'

ஆர்மீனியர்களின் கதை சென்னையிலும் இருக்கிறது. வேறொரு திசையில். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் மதராஸில் பெரும் வணிகர்கள். பாரிமுனை அருகில் அரண்மனைக்காரத் தெரு என்று நாம் சொல்கிற தெருவின் ஆங்கிலப் பெயர் ஆர்மீனியன் தெரு. அங்கே 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது மதராஸில். சுதந்திர ஆர்மீனியாவுக்கான அரசியல் சட்டத்தை ஷஹாமிரியான் குடும்பத்தார் எழுதி அச்சிட்டதும் இங்கேதான். சொந்த மண்ணில் நாடு இல்லாதபோது ஒரு நாட்டை மதராஸில் உட்கார்ந்து கற்பனை செய்திருக்கிறார்கள். கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற வணிகர் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தன் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்ததும் அவர்தான். பழைய பாலம் போய் அங்கே மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. உஸ்கானின் கல்வெட்டு பிழைத்துக்கொண்டது.

இன்று அந்தத் தேவாலயத்தில் மணிகள் இருக்கின்றன, கல்லறைகள் இருக்கின்றன. கும்பிட வர ஆள் இல்லை. தெருவில் ஓர் ஆர்மீனியக் கபாப் கடையும் இல்லை. அவர்கள் நமக்குப் பாலத்தையும் தெருப் பெயரையும் விட்டுச் சென்றார்கள், ருசியை விட்டுச் செல்லவில்லை. ஓசூருக்கு வந்தவர்கள் ருசியைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரில் தெரு இல்லை.

பாலம் இல்லையா என்றால், இருக்கிறது. ஓசூரின் அபார்ட்மெண்டுகளிலும் மேம்பாலங்களிலும் தொழிற்சாலைக் கூரைகளிலும் அவர்கள் கை இருக்கிறது. உஸ்கான் காசு கொடுத்தார், கல்லில் பெயர் வந்தது. 1726இல் அடையாற்றில் கல் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வந்தவரை ஊர் எப்படி எண்ணுகிறது என்பது அவர் கொண்டுவந்த பணத்தைப் பொறுத்தே அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூரில் வில்லா வாங்கும் டில்லிக்காரரை யாரும் 'வடக்கன்' என்று சொல்வதில்லை. அவர் 'சார்'. அந்த வில்லாவுக்குச் சாந்து குழைத்தவர்தான் 'வடக்கன்'.

2023 மார்ச் முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறெங்கோ எடுத்தவை, சம்பந்தமே இல்லாதவை. போலி என்று காவல்துறை சொன்னது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பியது. அதற்குள் திருப்பூர், கோவைப் பக்கம் பலர் ரயில் ஏறிவிட்டார்கள். செய்தி பொய், பயம் நிஜம். பல வருஷம் ஓர் ஊரில் இருந்தவர் ஒரே நாளில் ஒரு போலி வீடியோவை நம்புகிறார் என்றால், அத்தனை வருஷத்தில் அந்த ஊர் அவருக்கு என்ன நம்பிக்கையைக் கொடுத்திருந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதை எல்லைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லவே தேவையில்லை. தினமும் காலையில் ஓசூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குப் போகிறார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டின அரைமணி நேரத்தில் ஊர்க்காரர் வெளியூர்க்காரர் ஆகிவிடுகிறார். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூர்த் தமிழர்கள் வீட்டைவிட்டு ஓடியதை இங்கே பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் கொத்தாக எரிந்தபோது எல்லை மூடிக் கிடந்தது. 2021 தேர்தலில் தமிழ்நாட்டு வேலையில் 75 சதவீதம் தமிழ்நாட்டவருக்கே என்று திமுக வாக்குறுதி தந்தபோது நமக்கு நியாயமாகப் பட்டது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை அதே மாதிரி மசோதாவுக்கு ஒப்புதல் தந்தபோது பதறிப்போனோம். பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு முறையும் நம்ம பயம் உண்மையானதுதான். உள்ளூர்ப் பையனுக்கு நிரந்தர வேலை கிடைக்காமல் போவது பொய் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் பன்னிரண்டு மணி நேர ஷிப்டையும் காண்ட்ராக்ட் கூலியையும் வசதியாக நினைக்கிற ஏற்பாடு. கோபம் அந்த ஏற்பாட்டின் மேல் போகாமல், அதே ஏற்பாட்டில் நம்மைவிட மோசமாக மாட்டிக்கொண்டவர் மேல் போகிறது.

சரி, அப்படியென்றால் அவரை நல்ல விருந்தாளியாக நடத்தினால் போதுமா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேரள அரசு 'அதிதி தொழிலாளி' என்றே சொல்கிறது, விருந்தினர் தொழிலாளி. நல்ல மனசோடு வைத்த பெயர். எனக்கு உறுத்துவது இதுதான்.

இமானுவேல் கான்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய நூலில் விருந்தோம்பலைத் தர்மம் என்று பார்க்காமல் உரிமை என்று பார்த்தார். ஒரு மனிதன் அந்நிய மண்ணில் கால் வைத்ததற்காகவே அவனை எதிரியாக நடத்தக் கூடாது. ஆனால் அது வந்துபோகும் உரிமை மட்டும். தங்கிவிடும் உரிமைக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். நாடுகளுக்கு இடையில் அந்தக் கோடு பொருந்தலாம். ஓசூரில் பொருந்தாது. இந்திய அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு நாட்டின் எந்தப் பகுதியிலும் போய்வரவும் தங்கி வாழவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. அந்தக் கடைக்காரர் ஓசூரில் யார் தயவிலும் இல்லை. அவரை 'விருந்தாளி' என்று நான் அன்பாகச் சொல்லும்போதே வீடு என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். விருந்தாளி எப்போதும் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும், நன்றியோடு இருக்க வேண்டும், ஒரு நாள் கிளம்பிவிட வேண்டும். பொருநன் தேர் ஏறிக் கிளம்பினான். ஔவையும் தகடூரிலேயே தங்கிவிடவில்லை. விருந்துக்கு ஒரு முடிவு உண்டு என்பதால்தான் அது விருந்து.

ஔவையின் பாட்டை இந்த இடத்திலிருந்து திருப்பிப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பத்தாம் நாளும் முதல் நாள் மாதிரியே நடத்துவது பரிசிலுக்கு வரும் புலவருக்குப் பெரிய கௌரவம். ஆனால் பத்தாவது வருஷமும் முதல் நாள் மாதிரியே நடத்தப்படுகிறவர் நிலைமை என்ன? கம்பெனி ரூமிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறியாயிற்று. பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்து, அப்பாவின் தமிழைத் திருத்துகிறார்கள். தெருவில் தண்ணி லாரி எப்போது வரும் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இன்னமும் "புதுசா வந்தவங்க" என்றால், அந்தப் பிரியமே ஒரு வேலி ஆகிறது. விருந்து என்றால் புதுமை. புதுமை தீர்ந்தபிறகும் விருந்தாகவே வைத்திருப்பது அன்பு ஆகாது.

இந்த ஊர் அதை மற்ற ஊர்களைவிடச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். ஓசூர் என்பதே கன்னடத்தில் 'ஹொச ஊரு', புது ஊர் என்பதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் 1792வரை திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. தக்னி உருது பேசுகிறவர்கள் அங்கே யாருக்கும் விருந்தாளிகள் இல்லை. சிப்காட் வந்தபிறகு சேலம், மதுரை, திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் ஒரு காலத்தில் புதுசுதான். லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஒவ்வொரு கம்பெனி கேட் திறந்தபோதும் ஒரு புது அலை வந்தது. இப்போது "நம்ம ஊரைக் கெடுக்கறாங்க" என்று சொல்பவர்களில் பலரின் அப்பாக்கள் 1980களில் இங்கே பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்.

அப்படியானால் அந்தக் கபாப் கடையில் சாப்பிடுகிறவருக்கு என்ன கடமை? நன்றி சொல்வதா? காசு கொடுத்தாயிற்று. அவர் கலாச்சாரத்தைக் கொண்டாடி ரீல் போடுவதா? அது முதல் நாள் வேலை. அவர் சோகக் கதையைக் கேட்டுக் கண் கலங்குவதா? அவர் கேட்டது அதுவும் இல்லை. விருந்தோம்பலைவிட எளிமையான, ஆனால் இன்னும் கஷ்டமான ஒன்று மிச்சம் இருக்கிறது. அவரைப் பழைய ஆளாக்குவது. பழகிச் சலித்துப்போன, இருப்பதையே மறந்துபோகிற அளவுக்குப் பழைய ஆள். தெருவில் சின்னக் கடை இதற்குத்தான் தோதானது. மாலில் இருக்கும் பெரிய ரெஸ்டாரண்டுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை போவோம். அங்கே எப்போதும் முதல் நாள்தான். தெருமுனைக் கடைக்கு வாரம் மூன்று முறை போகும்போது பத்தாம் நாள் வந்தே தீரும். அப்போது சில்லறைப் பாக்கி இருக்கும், கடன் இருக்கும், "இன்னைக்கு உப்பு ஜாஸ்தி" இருக்கும். ஒரு நாள் கடை மூடியிருந்தால் பக்கத்து மளிகைக் கடையில் "என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பு இருக்கும். போலி வீடியோ வருகிற நாளில் அந்த விசாரிப்புத்தான் காவல்துறை அறிக்கைக்கு முன்னால் போய்ச் சேரும்.

இதற்கு ஒரு சோதனையும் உண்டு. அது விருந்தில் தெரியாது, சண்டையில் தெரியும். சமீபத்தில் கறி விலை ஏறியதால் எங்கள் தெருக் கடையில் ஒரு பிளேட்டுக்குப் பத்து ரூபாய் கூட்டினார்கள். ஒருத்தர் சத்தம் போட்டார். கடைக்காரரும் விடவில்லை, அடுப்பைவிட்டு வெளியே வந்து தன் பங்குக்குச் சத்தம் போட்டார், பாதி தமிழில், பாதி இந்தியில். கறிக்கடையில் போய்க் கேளுங்க, சிலிண்டர் என்ன விலை தெரியுமா, வாடகை யார் குடுப்பா. சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் அவர் பக்கம், பாதிப்பேர் இவர் பக்கம். சத்தம் போட்டவர் முறைத்துக்கொண்டே பத்து ரூபாயைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, "சட்னி இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

அந்தச் சண்டை முழுக்க "உன் ஊருக்குப் போ" என்று யாரும் சொல்லவில்லை.